சரபோஜி வேந்தரும் வைத்திய வித்தையும்

தஞ்சை என்ற மாத்திரத்தில் நமது நினைவுக்கு முதற்கண் வருவது இராசராசன் எடுப்பித்த பெருங்கோயில். அதனையடுத்து வருவது காவிரி பாய்ந்து வளங்கொழிக்கும் நெல்வயல். இவ்விரண்டிற்கும் அடுத்தபடியாக அந்நகருக்குப் பெருமை தருவது சரசுவதி மகால் என்னும் நூல்நிலையமாகும். அதனைக் கண்ணின் மணிபோற் காத்து வளர்த்தவர் மராட்டிய வேந்தராகிய இரண்டாம் சரபோஜி மகாராஜா. அவரைப் புத்தகப் பிரியர் என்றும், சங்கீத ரசிகர் என்றும் பாராட்டுவோர் பலர். பிணியாளர் பொருட்டு அவர் கொண்டிருந்த கவலையையும், அது காரணமாக அவர் செய்த ஏற்பாடுகளையும் அறிந்தோர் அத்துணைப் பேர் இலர். அப்பகுதியையே ஈண்டு நாம் சிறப்பாக எடுத்துக்கொண்டோம். நமது காலத்தில் எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்வோரை வருத்தும் இருதய நோயையும் இரத்தக்குழாய் நோயையும் அவ்வேந்தர் கைக்கொண்ட முறையோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பதும் நமது நோக்கம். இவற்றிற்கு யாது சம்பந்தம் என வாசகர் ஐயுறுதல் இயல்பே. வரலாற்றை முதலிற் கூறுவோம். சம்பந்தம் தானே புலப்படும்.

பிறப்பும் இளமையும்

சரபோஜி 1777-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ஆம் நாள் போன்ஸ்லே மரபில் பிறந்தார். அக்காலத்தில் தஞ்சையை ஆண்ட துளஜா மகாராஜா தம் மக்களை இழந்து, தமக்குப்பின் அரசுரிமை தாங்குவாரின்றி வருந்தினார். 1787-இல், தாம் நோய்வாய்ப்பட்டிருந்த வேளையில், பத்து வயதினும் குறைந்த இச்சிறுவரைச் சுவீகாரம் செய்துகொண்டார். தமது முடிவு அண்மையில் உளதென உணர்ந்த அவ்வரசர் பிள்ளையின் பாதுகாப்பை ஒப்புவிக்க நாடியது சுவார்ட்ஸ் ஐயரை.

சுவார்ட்ஸ் ஐயர் ஜெர்மனி தேசத்தவர். 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் பயின்று, திருச்சிராப்பள்ளியிலும் பின்னர்த் தஞ்சையிலும் வாழ்ந்தவர். பகைவரும் அவர் சொல்லை நம்பினர் என்பது அக்காலச் சரித்திரத்தால் தெளிவாகின்றது.

துளஜா இறந்தபின் அரசுக்கட்டில் ஏறியவர் சரபோஜி அல்லர். சுவீகாரம் சாத்திர முறைப்படி செல்லாது என்று பண்டிதர் சிலர் கூறியதைக் கும்பினியார் ஏற்று, துளஜாவின் மாற்றாந்தாய்ச் சகோதரராகிய அமர்சிங்குக்கு முடிசூட்டினர். சிறுவர் அரண்மனைக்குள் அடைபட்டவர்போல் வளர்ந்தார், கல்வியும் தடைப்பட்டது. சுவார்ட்ஸ் ஐயர் இதனைப் பொறாது, கும்பினியாரிடம் பன்முறை முறையிட்டார். அதன் பயனாக 1793-இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு, கெரிக்கே ஐயரிடம் ஆங்கிலமும் பிற கலைகளும் கற்றார். சுவீகாரத்தைப் பற்றிய விசாரணை மீண்டும் நடைபெற்று, அது செல்லும் என முடிவாயிற்று. 1798-இல் அமர்சிங் விலக்கப்பட, சரபோஜி தஞ்சை அரசரானார். அவர் முடிசூடுவதைக் காண ஆசானுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரி மாதத்திலேயே சுவார்ட்ஸ் ஐயர் காலஞ்சென்றுவிட்டார். பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சரபோஜி செய்வித்த சலவைக்கல் நினைவுச் சின்னம் இன்றும் தஞ்சைக் கோட்டையினுள் உள்ள தேவாலயத்தில் இருக்கின்றது. மரணப் படுக்கையிலிருக்கும் ஆசானின் கையை மாணவவேந்தர் பற்றி நிற்கும் காட்சி அதிற் செதுக்கப்பட்டுள்ளது. தம் மதத்தை விடாத ஓர் இந்து மன்னர் கிறிஸ்தவக் குரு ஒருவருக்கு இத்தகைய நன்றிக்கடன் செலுத்தியது இருவருக்கும் பெருமை தருவதாம்.

நாடிழந்த அரசர்

முடிசூடிய மறு ஆண்டே பேரிடர் ஒன்று நேர்ந்தது. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் எழுதப்பெற்ற உடன்படிக்கையால், தஞ்சை நாட்டின் நிருவாகம் முழுவதும் கும்பினியார் கைக்குப் போயிற்று. அரசருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமேயாம். படையில்லை, வரி விதிக்கும் உரிமையில்லை. அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு.

அதிகாரம் போய்ச் செல்வம் மட்டும் எஞ்சிய இளைஞர் பலர் எவ்வாறு கெட்டொழிந்தனர் என்பதை நமது நாட்டுச் சமஸ்தானங்களின் கதைகள் கூறும். சரபோஜி அவ்வழியில் செல்லவில்லை. வாளால் ஆள முடியாத நாட்டில் வித்தையால் ஏதேனும் செய்ய இயலுமா என்று அவர் எண்ணினார் போலும். 1805-இல் நவவித்யா கலாநிதி என்னும் பெயரால் தேவநாகரி எழுத்துடைய அச்சுக்கூடம் ஒன்றை அரண்மனையில் நிறுவினார். ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கான நூல்களைத் தருவித்தார். 1820 முதல் 1822 வரை ஏறக்குறைய மூவாயிரம் பேருடன் காசியாத்திரை சென்று, திரும்புகையில் ஏட்டுச்சுவடிகளைச் சேர்த்துவந்தார். 1826-இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் அத்தியட்சர், இவ்வரசர் இரசாயன நூலாராகிய லவாய்சியரையும் தாவர நூலாராகிய லின்னேயசையும் எளிதில் எடுத்துப் பேசக் கேட்டு வியந்து எழுதிவைத்தார்.

குறையையும் மறைத்தல் வேண்டா. இவ்வளவுக்கும் பொருள் வந்தது காவிரி நாட்டு உழவர் விளைத்த நெல்லிலிருந்தே. உழவருடைய வாய்க்காலையும் வரியையும் சீர்செய்யும் அதிகாரம் அரசருக்கு இல்லாதிருந்தது. அவருடைய நற்பணிகளில் மிகுதியானவை கோட்டைக்குள்ளும் சத்திரங்களிலுமே நடைபெற்றன. எனினும், தமக்கு விடப்பட்ட சிறு எல்லைக்குள் அவர் செய்தவை சிறியன அல்ல.

தன்வந்தரி மகால்

அவர் செய்தவற்றுள் நமது கருத்தைப் பெரிதும் கவர்வது தன்வந்தரி மகால் என்னும் வைத்தியசாலை. ஈண்டுச் சித்த வைத்தியரும், ஆயுர்வேதியரும், யூனானி ஹக்கீம்களும், ஐரோப்பிய முறை கற்றவரும் ஒருங்கே பணிபுரிந்தனர். மனிதருக்கேயன்றி விலங்குகளுக்கும் மருந்து செய்யப்பட்டது. அனுபவத்தில் பயன் கண்ட மருந்து முறைகளைப் புலவர்களைக் கொண்டு எளிய தமிழ்ச் செய்யுளாக இயற்றுவித்தனர். அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் இருபதாம் நூற்றாண்டில் அச்சேறின. கண்ணோய், நீரிழிவு முதலியவற்றிற்குத் தனித்தனித் தொகுதிகள் அவற்றில் உள.

உடற்கூற்றுச் சாத்திரத்திலும் அரசருக்கு ஆர்வம் மிகுதி. இறந்தவர் எலும்பைத் தீண்டுதல் அக்கால ஆசாரத்திற்கு முற்றும் விரோதம். அதற்காக அவர் கல்வியைக் கைவிடவுமில்லை. ஆசாரத்தை வெளிப்படையாக எதிர்க்கவுமில்லை. உண்மை எலும்புக்குப் பதிலாகச் செய்வித்த எலும்புக்கூட்டை வைத்துப் பயின்றார்.

சத்திரங்களிலும் அவர் கவனம் சென்றது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் தங்கும் பொருட்டு ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் அவர் காலத்தில் எழுந்தது. தஞ்சைச் சத்திரங்களில் நடைபெறும் தர்மங்களைப் பற்றி 1801-இல் ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதத்தால், வழியில் நோயுற்றோர்க்கு வைத்தியர் மருந்தளித்ததும், கருவுற்ற மகளிர்க்குப் பிரசவ காலத்தில் உதவி கிடைத்ததும், அநாதைச் சிறுவர்க்குக் கல்வி புகட்டியதும் அறிகிறோம்.

இவற்றினும் அரிய செய்தியொன்றுண்டு. கண்ணோய்க்குச் சிகிச்சை பெற்றவரைப் பற்றிய குறிப்பேடுகள் சில இன்றும் சரசுவதி மகாலில் காக்கப்பட்டு வருகின்றன. மக்பீன் என்னும் ஐரோப்பிய வைத்தியரின் தொடர்போடு 1827-ஐ ஒட்டி எழுந்தவை அவை. பிணியாளர் யார், வந்தபோது கண் இருந்த நிலை யாது, அளித்த சிகிச்சை யாது, அதன்பின் நேர்ந்தது யாது என்பவை முறையே எழுதப்பட்டுள்ளன. நோயுற்ற கண்களின் உருவம் வண்ணச் சித்திரமாகவும் தீட்டப்பட்டுள்ளது. அக்காலத்து வைத்தியர் பலர் தம் அனுபவத்தை மனத்தில் மறைத்துவைத்து, இறக்குந்தறுவாயில் மகனுக்கு மட்டும் உரைத்தனர். ஈண்டோ, ஒருவர் நோய் பிறர்க்குப் பாடமாகும்படி எழுத்தில் நின்றது. குணமான செய்தியோடு குணமாகாத செய்தியையும் எழுதிவைக்கும் நேர்மையே வைத்தியத்தைச் சாத்திரமாக்குகின்றது.

1832-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆம் நாள் தமது 54-ஆம் வயதில் சரபோஜி காலமானார். அவருடைய மைந்தர் சிவாஜி ஆண்மகவின்றி 1855-இல் இறக்க, அரசுரிமையும் அத்துடன் முடிந்தது. நூல்நிலையம் மட்டும் நிலைத்து, 1918-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

கண்ணின் உட்புறம்

சரபோஜியின் வைத்தியர்கள் கண்ணை வெளியினின்று கண்டனர். உட்புறத்தைக் காணும் கருவி அவர்களிடம் இல்லை. அவ்வேந்தர் மறைந்து 19 ஆண்டுகள் சென்றபின், 1851-இல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ணின் உள்ளே நோக்கும் ஆடிக்கருவியை அமைத்தார். அதன்வழி நோக்கினார்க்கு விழித்திரையின் மேல் செந்நூல்போல் ஓடும் இரத்தக்குழாய்கள் தெளிவாகத் தோன்றின. உடலைக் கீறாமல் நுண்ணிய இரத்தக்குழாய்களை நேரே காணத்தக்க இடம் கண்ணின் உட்புறமே. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் குழாய்களைக் கெடுப்பது முதலில் அங்கே தெரியவரும். கண் வைத்தியம் இவ்வாறு இரத்தக்குழாய் வைத்தியத்தின் வாயிலாயிற்று.

அவ்வாயிலில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு புதிய நோயின் சுவடு தென்பட்டது. 1981-இல் அமெரிக்காவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட எய்ட்ஸ் நோயினரின் விழித்திரையில், சிறு பஞ்சுத் துணுக்குகள் போன்ற வெண்புள்ளிகளை வைத்தியர் கண்டனர். நுண்குழாய்கள் பழுதுற்று, அவ்விடத்திற்குக் குருதி செல்லாமையே அதற்குக் காரணம். எச்.ஐ.வி. உடலின் எதிர்ப்புச் சக்தியை மட்டும் தாக்குவதன்று, குருதியோடும் வழியையும் தொடுவது என்பதற்கு அதுவே ஒரு சான்று.

நமது தேசத்தில் இக்கிருமி இருப்பது 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரும் அவரோடு உழைத்தவர்களும் செய்த பரிசோதனையால் வெளியாயிற்று. மருந்தில்லாத அக்காலத்தில் இருதயம் தாக்குண்டது ஒருவகை: இருதயத் தசை தளர்ந்து வீங்குதலும், காசநோயால் இருதய உறையில் நீர் கோத்தலும் பெரிதும் காணப்பட்டன. 1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ளும் முறை பரவிற்று. இந்தியாவில் 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் அரசாங்கமே இம்மருந்துகளை இலவசமாக அளித்து வருகின்றது. சாவை எதிர்நோக்கியிருந்தோர் வயலுக்குச் சென்றனர், மக்களை வளர்த்தனர், முதுமையும் எய்தினர். முதுமையோடு வந்தது வேறொரு வகை: இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் நாளங்கள் தூர்ந்துபோதலும், மூளைக்குச் செல்லும் குழாய் அடைபடுதலும்.

தூர்ந்த வாய்க்கால்

இது நிகழும் விதத்தைக் காவிரிக் கழிமுகத்தில் பிறந்தார்க்கு விளக்குதல் எளிது. ஆற்றிலே நீர் நிறைய ஓடினும், கிளை வாய்க்கால் தூர்ந்திருப்பின் கடைமடை வயல் காய்ந்துபோகும். வாய்க்கால் தூர்வதற்கு வண்டல் மட்டும் காரணமன்று. கரை அரிக்கப்பட்டு மண் சரிதலும் காரணம். எச்.ஐ.வி. உடையாரின் இரத்தக்குழாயில் இவ்விரண்டும் நேரும். மருந்தினால் கிருமி அடங்கியபோதிலும், உடலின் காவற்படை முழுதும் ஓய்வதில்லை. உள்ளே தணலாக ஓர் அழற்சி நீடித்து, குழாயின் உட்சுவரை அரிக்கின்றது. அரித்த இடத்தில் கொழுப்பாகிய வண்டல் படிகின்றது. முற்காலத்து மருந்துகள் சில கொழுப்பை மிகுவித்து இதற்குத் துணைபோயின. புகையிலையும், நீரிழிவும், இரத்தக் கொதிப்பும் சேரின் கேடு விரைவில் முற்றும். இவையில்லாதவரினும் எச்.ஐ.வி. உள்ளவர்க்கு மாரடைப்பு முதலியன ஏறக்குறைய ஒன்றரை முதல் இருமடங்கு வரை மிகுதியாக நேர்வதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

இதனால் கிருமிக்குரிய மருந்தை அஞ்சி விட்டுவிடலாமோ எனின், கூடாது. 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 5,472 பேர் பங்குகொண்டனர். அவருள் மருந்தை இடையிடையே நிறுத்தினவர்க்கே, இடைவிடாது உண்டவரினும், மரணமும் இருதய நோயும் மிகுந்தன. மதகை மூடிவைத்தால் வாய்க்கால் கெடாது என்று எண்ணுதல் பேதைமை என்பது அதனால் விளங்கிற்று.

அதன்மேலும் ஒரு நற்செய்தி 2023-இல் வந்தது. இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையுள்ள எச்.ஐ.வி. உடையார் 7,769 பேரைக்கொண்டு ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. இருதய நோய்க்குப் பேரபாயம் இல்லாதவர் என்று கருதப்பட்டவர்களே அவர்கள். பிடாவாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைக்கும் மாத்திரையை நாடோறும் உண்டவரிடையே, அதனை உண்ணாதவரைவிட, மாரடைப்பு முதலிய பெருந்தீங்குகள் 35 விழுக்காடு குறைந்தன. வெள்ளம் வருமுன் தூர் வாருவதற்கு ஒப்பானது இது.

எழுதிவைத்தலும் மறைத்துவைத்தலும்

இனி, சரபோஜியின் ஏட்டிற்கும் இந்நோய்க்கும் உள்ள சம்பந்தத்தைக் கூறுவோம். எச்.ஐ.வி. உடையார் பலர் ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சி, கிருமிக்கு ஓரிடத்திலும் நெஞ்சுவலிக்கு வேறோரிடத்திலும் வைத்தியம் பார்த்துக்கொள்கின்றனர். முன்னதைப் பின்னவரிடம் சொல்வதில்லை. இது உயிருக்கே ஆபத்தாய் முடியும். சான்றாக, எச்.ஐ.வி. சிகிச்சையில் சேர்க்கப்படும் ரிட்டோனாவிர் என்னும் மருந்தோடு, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் சேருமாயின், பின்னதன் அளவு குருதியில் அளவுமீறி ஏறித் தசைகளையே அழிக்கும். அறியாத வைத்தியர் நல்லெண்ணத்தோடு கொடுத்த மாத்திரை நஞ்சாய்விடுகின்றது. ஒரே உடலைப் பற்றிய செய்தி இரண்டு ஏடுகளாகப் பிரிந்து, ஓர் ஏடு மற்றோர் ஏட்டைக் காணாமையே இக்கேட்டுக்கு மூலம்.

பிணியாளரைக் குறைகூறிப் பயனில்லை. அவர் மறைப்பது நாம் அவரைக் கண்டு விலகுவதனாலேயே. மருந்தை ஒழுங்காக உண்டு, கிருமி அளவிட முடியாதபடி குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவின் வழியும் இந்நோய் பிறரைத் தொற்றாது என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஒன்றாக உண்பதாலும், ஒரே பள்ளியில் பயில்வதாலும் அது எக்காலத்தும் தொற்றியதில்லை. 2017-இல் இயற்றப்பெற்று 2018-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், இவர்களை வேலையினின்றும் கல்வியினின்றும் சிகிச்சையினின்றும் விலக்குதல் கூடாதென்றும், இவர்களுடைய அந்தரங்கத்தைக் காக்க வேண்டுமென்றும் விதிக்கின்றது. சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே வரவேற்பது நமது கடமை. ஊரார் மனம் திருந்தினாலன்றிப் பிணியாளர் வாய் திறவார். அவர் வாய் திறவாவிடின் வைத்தியருடைய ஏடு நிறைவுறாது.

சரபோஜியின் வாழ்விலிருந்து மாணவர் கொள்ளத்தக்க பாடம் இரண்டு எனக் கருதுகிறோம். நாட்டை இழந்தும், தம் கையில் எஞ்சியதைக் கொண்டு பிறர்க்குப் பயன்படும் பணி செய்தார் என்பது ஒன்று. எச்.ஐ.வி. உடையார்க்கும் இது பொருந்தும். இழந்த நலத்தை எண்ணி மாழ்காது, எஞ்சியதைப் பேணி நெடுநாள் வாழ இன்று வழியுண்டு. நோயையும் நோயாளியையும் வெறுக்காது உற்றுநோக்கி, கண்டதைக் கண்டவாறு எழுதிவைக்கச் செய்தார் என்பது மற்றொன்று. இக்கல்லூரியினின்று வைத்தியத் துறைக்குச் செல்வோர், தம்மிடம் வரும் பிணியாளரின் கண்ணையோ இருதயத்தையோ குருதியையோ தனித்து நோக்காமல், அவரை முழு மனிதராக நோக்குவாராக. பிற துறைகளுக்குச் செல்வோர், அண்டை வீட்டார் தம் நோயை அஞ்சாது உரைக்கத்தக்க அயலாராக வாழ்வாராக. தஞ்சைக்குச் செல்லும் நண்பர்கள் பெருங்கோயிலைக் கண்டபின், சரசுவதி மகாலுக்கும் சென்று வருதல் நன்று. கண்ணோயுற்று அரசரின் வைத்தியர்களை நாடிவந்த எளிய மக்களின் துன்பம், அரசர் வரலாற்றைப்போலவே, அங்கே பேணிக் காக்கப்படுகின்றது.